முதல் பரணின் கூக்குரல்

“...முதல் பரண்காரனுக்கு ஒண்டும் மிஞ்சாது உம்மா. அவன்ட வெள்ளாமை போனது போனதுதான். ஆனா அவன் கூக்காட்டினாத்தானே அடுத்த பரண்காரன் பந்தத்தக் கொளுத்துவான்? உங்கட மகன்ட தலைக்குள்ள இப்ப அந்தக் கூக்காட்டுத்தான் நடக்குது. அத நடுவில விட்டுப்போட்டு இவரத் தூக்கிட்டுப் போகாதீங்க.”

எங்கள் ஊரில் எல்லோரும் ‘லேடி டொக்டர்’ என்று அழைத்தவர் இதைச் சொன்னபோது உச்சி வெயில். ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்ட்டில், கடைசிக் கட்டிலின் கால்மாட்டில் என் மாமி நின்றிருந்தார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துவிட்டார். கட்டிலில் அவருடைய கடைசி மகன், என் மச்சான், கண் திறக்காமல் கிடந்தான். வெளியே மாமரத்தடியில் என் பழைய கார் பின்கதவு திறந்தபடி நின்றது. அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான், மாமியின் கட்டளைப்படி. மகனை வீட்டுக்குக் கொண்டுபோனால் அவன் பிழைக்க மாட்டான் என்பது டொக்டருக்குத் தெரியும். வைத்திருந்தால் பிழைப்பான் என்று அவரால் சத்தியம் பண்ணிச் சொல்லவும் முடியாது. இரண்டையும் அவர் மாமியிடம் மறைக்கவில்லை. அதுதான் அவருக்கு வந்த சிக்கலே. கொஞ்சம் பொய் சொல்லத் தெரிந்த டொக்டராக இருந்திருந்தால் மாமி அன்றைக்குப் பாயைச் சுருட்டியிருக்க மாட்டார்.

நான் யார் என்று சொல்லாமல் மேலே போனால் விளங்காது. எழுபதுகளின் கடைசியிலிருந்து கல்முனையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். கலியாணம், கந்தூரி, பொதுக்கூட்டம், புதுக்கடை திறப்பு என்று எதுவானாலும் காரின் கூரையில் இரண்டு குழல்களைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் மைக்கும் மறு கையில் ஸ்டியரிங்குமாகப் பெரியநீலாவணையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் கத்திக்கொண்டு போவேன். பாடசாலைப் படிப்பு பாதியில் நின்றுபோனது. மிச்சத்தைச் சனங்களின் வாயிலிருந்து படித்தேன். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்குப் பகல் சாப்பாடு பிந்தினாலும் எனக்குப் பசிக்காது. ஆனால் என் குரலுக்கு ஓர் எல்லை இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. வீடும் மாமியுடையது, வயலும் மாமியுடையது, தீர்ப்பும் மாமியுடையது. மாமா மௌத்தான பிறகு அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். “எங்கட மருமகன்ட வாய் காரில ஏறினாத்தான் திறக்கும்” என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதில் பொய்யும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் வடக்குப் பக்கத்து நெல் விளையும் மாவட்டங்களில் மூளைக் காய்ச்சல் பரவுவதாக ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் பக்கமும் வயற்பக்கம்தானே, அதனால் முன்கூட்டியே சனங்களுக்கு அறிவிக்கும்படி எங்கேயோ ஓர் அரசாங்கக் கந்தோரில் இருந்து ஒரு தாள் வந்து என் கையில் சேர்ந்தது. பன்றிகளின் உடம்பில் இருக்கிற நோய், நுளம்பு கடிப்பதால் மனிதனுக்குத் தொற்றி மூளையைத் தாக்குகிறது, அவதானமாக இருங்கள் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள். சொன்னதில் பிழையில்லை. கேட்கிற ஊர்தான் பிழை. மீன் சந்தையடியில் நான் அதை வாசித்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற ஒரு மீன்காரர் எழும்பினார். “காக்கா, றோட்டு மாறி வந்திட்டீங்க! அந்தச் சாமான் இஞ்ச இல்ல!” சந்தை முழுக்கச் சிரித்தது. பொடியன்கள் காருக்குப் பின்னால் ஓடி ஓடிக் கூக்காட்டினார்கள். முஸ்லிம்கள் வாழ்கிற எங்கள் ஊரில் அந்தப் பிராணியின் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள், ‘அது’ என்பார்கள். அது இல்லாத ஊருக்கு அதன் காய்ச்சல் எப்படி வரும்? ஊர் நிம்மதியாகத் தூங்கப் போயிற்று. காய்ச்சலுக்கு மட்டும் வாயால் சொல்லாத அந்தப் பெயரே அன்றைக்கு ஒட்டிக்கொண்டது: பண்டிக் காய்ச்சல்.

அடுத்த நாள் என் கடைக்கு ஒரு பெண் வந்தார். நடையில் அவசரம், முகத்தில் அவசரம் இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ் டொக்டர், எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“காக்கா, நேத்து நீங்க வாசிச்ச தாளில ஒரு சொல்லு இந்த ஊரையே நித்திரையாக்கிப் போட்டுது.”

“நான் எழுதல்ல டொக்டர். தந்தத வாசிச்சன்.”

“எனக்குத் தெரியும். எழுதினவங்க இந்த ஊர நினைச்சு எழுதல்ல. இப்ப நீங்களும் நானும் இருந்து நினைப்பம்.”

இருந்தோம். வயலுக்குப் போகிறவர்கள் எங்கே படுப்பார்கள், எந்நேரம் நுளம்பு கூடும், நுளம்புக்கு எதைப் புகைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும், “அத நீங்க என்னெண்டு சொல்லுவீங்க?” என்று மறுபடி ஒரு கேள்வி. நான் சொன்ன சொல்லை ஒருமுறை தானும் சொல்லிப் பார்ப்பார். என்னைப் போல இன்னொரு சொல் பைத்தியத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கடைசியில் அந்தத் தாளில் இருந்த பிராணியை வெட்டினார். இந்த நோய் கொக்கின் உடம்பிலும் இருக்கும், காட்டுப்பன்றி இல்லாத வயல் இருந்தாலும் கொக்கு இல்லாத வயல் இல்லை என்று விளங்கப்படுத்திவிட்டு, “கொக்கு எல்லாருக்கும் பொதுத்தானே காக்கா?” என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று பின்னேரம், ‘கொக்கு நிற்கிற தண்ணியில நுளம்பு இரிக்கி, வயலில படுக்கிற வாப்பாமாரே, காக்காமாரே, நுளம்பு வலை இல்லாமப் படுக்காதீங்க’ என்று என் காரில் போனது எங்கள் இருவரின் வார்த்தை. யாரும் சிரிக்கவில்லை. வலை விற்கிற கடையில் கூட்டம் கூடியது. ஆனால் ஒட்டிய பெயர் ஒட்டியதுதான். காற்றில் விட்ட சொல்லைத் திரும்பப் பிடிக்கிற கருவி எங்கள் தொழிலில் இல்லை.

அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. மேற்கே காட்டோரத்து வயலில் காவலுக்குப் போயிருந்த மச்சான் காய்ச்சலோடு திரும்பினான். தலையிடி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமை. அவனுக்குச் சாய்ந்தமருதில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். பண்டிக் காய்ச்சல் வந்த மாப்பிள்ளை என்று ஒரு வாய் சொன்னால் போதும். மாமி அவனை உள்ளறையில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, கேட்டவர்களிடம் “வெயில் பட்டிரிக்கி” என்றார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி என்று நான் வாய் திறந்தபோது, “நீங்க காரில ஏறிக் கதைங்க மருமகன்” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு காலை, தண்ணீர் கொண்டுபோன என் மனைவியைப் பார்த்து அவன், “வட்டவிதானை, வாய்க்கால் திறந்தாச்சா?” என்று கேட்டான். பாசனம் பார்க்கிற வட்டவிதானையின் பெயரால் தன் சொந்த ராத்தாவை, கூடப்பிறந்த அக்காவை, அழைக்கிறான். என் மனைவி முதலில் பகிடி என்றுதான் நினைத்தாள். அடுத்த நிமிடம் அவன் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அதற்குப் பிறகு மாமி யாரையும் தடுக்கவில்லை. அவனை என் காரின் பின்சீற்றில் கிடத்திக்கொண்டு போனோம். கூரையில் குழல்களைக் கண்டு, என்ன அறிவித்தலோ என்று சனங்கள் வாசலுக்கு வந்து காது கொடுத்து நின்றார்கள். அந்தக் கார் கல்முனை வீதியில் சத்தமில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

லேடி டொக்டர் அவனைப் பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார், கண்ணுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தார். முதுகில் ஊசி வைத்து நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் மாமி, “அது எடுத்தா ஆள் முடமாமே” என்றார். டொக்டர் கோபிக்கவில்லை. எங்கே எடுப்பது, ஏன் அங்கே எடுத்தால் முடமாகாது என்று மாமியின் முதுகிலேயே விரலை வைத்துக் காட்டினார். நீர் எடுத்துப் பார்த்த பிறகு எங்கள் இருவரையும் அழைத்துச் சொன்னார். மருந்து கேட்கிற கிருமியாகத் தெரியவில்லை, பெரும்பாலும் அந்த வைரஸ்தான். இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்புகிறேன், ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க முடியாது. உள்ளதைச் சொன்னால் பதில் கடைசிவரைக்கும் வரவேயில்லை.

“அப்ப என்ன மருந்து குடுக்கிறீங்க?” என்றார் மாமி.

“இதக் கொல்லுற மருந்து என்னட்ட இல்ல உம்மா. ஆரிட்டயும் இல்ல. வலிப்பு வராம ஊசி போடுறன். தலைக்குள்ள வீங்காம ஒரு சேலைன் ஏத்துறன். மூக்கால குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணி குடுக்கிறன். சண்டை பிடிக்கிறது அவர்ட உடம்பு. அது விழுந்திடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதுதான் என்ட வேலை.”

“மருந்தில்லாத ஆஸ்பத்திரி என்னத்துக்கு?” மாமி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் டொக்டருக்குக் கேட்கும்படியாகவே கேட்டார்.

டொக்டர் தலையசைத்தார், அது நியாயமான கேள்வி என்பது போல. பின்னேரம் வராந்தாவில் நான் அவரிடம், இப்படி வெட்டெனச் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டேன். “இல்லாதத இல்ல எண்டு சொல்லவும் படிச்சுத்தான் காக்கா வரணும். அதுக்குத்தான் எனக்குக் கன காலம் எடுத்தது” என்றார். எத்தனையோ பேரின் மேடைப்பேச்சை என் குழல்கள் ஊருக்குக் கொண்டுபோயிருக்கின்றன. அந்த வராந்தாப் பேச்சுக்கு நிகராக ஒன்றும் என் நினைவில் இல்லை.

அந்த நாட்களில் அவர் வார்ட்டுக்கு வரும்போதெல்லாம் மச்சானின் கட்டிலடியில் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். அவனை இடமும் வலமுமாகப் புரட்டிப் போடுவதற்கு தாதிகளான மிஸிமாருக்குத் தானும் ஒரு கை கொடுப்பார். தமிழ், முஸ்லிம் கலவரத்தால் றோட்டு மூடுகிற, கடை அடைக்கிற காலம் அது. மட்டக்களப்புக்குப் போய் வீட்டாரோடு இருக்கச் சொல்லி அவருக்குப் பலர் சொன்னதாகக் கேள்வி. போகவில்லை. மாமியோ அவரோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதனால் டொக்டர் மகனைப் பற்றிக் கேட்காமல் வயலைப் பற்றிக் கேட்டார். வயலைப் பற்றிக் கேட்டால் மாமியால் சும்மா இருக்க ஏலாது.

மாமி சொன்ன கதை இது. காட்டோரத்து வயல்களில் யானைக்குக் காவல் இருக்க, கம்பு நட்டு உயரத்தில் பரண் கட்டுவார்கள். ஆளுக்கொரு பரண், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். காட்டுக்குக் கிட்ட இருக்கிறது முதல் பரண். யானை முதலில் ஏறுவது அந்த வயலில்தான். அது வந்தது தெரிவதற்குள் பாதி வெள்ளாமை போய்விடும். முதல் பரண்காரன் தன் வயலைக் காப்பாற்ற முடியாது, கூக்காட்ட மட்டும்தான் முடியும். அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டாவது பரண்காரன் பந்தம் கொளுத்துவான், அவனும் கூக்காட்டுவான், மூன்றாவது ஆள் தகரம் தட்டுவான், கடைசியில் ஊரே திரண்டு வெளிச்சத்தோடு வரும். “எங்கட ஆள் முதல் பரணிலதான் இருந்தவர்” என்றார் மாமி, மௌத்தான மாமாவைப் பற்றி. “ஒரு போகம் ஒரு கதிரும் மிஞ்சல்ல. ஆனா அவர்ட தொண்டையால முழு வயல் வட்டையும் தப்பிச்சு. களத்தில ஒவ்வொருத்தரும் தங்கட நெல்லில இருந்து எங்களுக்கு அள்ளி வெச்சாங்க. வாங்க மாட்டன் எண்டார். வெச்சிட்டுப் போயிட்டாங்க.” டொக்டர் “கூக்காட்டுறது” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “எங்கட பக்கம் பகிடி பண்ணத்தான் கூக்காட்டுவாங்க உம்மா. காப்பாத்தவும் கூக்காட்டலாம் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.” ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு மாமி முதல்முறையாகச் சிரித்தார். வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான்.

எனக்கு அவர் வேறு ஒரு சொல் கொடுத்தார். உடம்புக்குள் வைரஸ் புகுந்த கலம், அதாவது உயிரணு, தான் சாவதற்கு முன் ஒரு பொருளை வெளியே விடும், அதற்குப் பெயர் இன்டர்பெரோன் என்றார். நான் துள்ளிப்போனேன். எங்கள் தொழிலில் இன்டர்பியரன்ஸ் என்பது கெட்ட வார்த்தை. நல்ல பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது குழலுக்குள் ஙொய் என்று ஓர் இரைச்சல் வந்து எல்லாவற்றையும் கெடுக்குமே, அது. டொக்டர் அதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரித்தார். “அதே சொல்லுத்தான் காக்கா! ஆனா இது நல்ல இரைச்சல். வைரஸ் உள்ள போய்த் தன்ட பாட்டத் திரும்பத் திரும்பப் பாடப் பாக்கும். இந்த இரைச்சல் கேட்ட பக்கத்துக் கலமெல்லாம் அந்தப் பாட்டப் பாட விடாது.” அதோடு முடியவில்லை என்றார். மூளைக்குள் கண்டதெல்லாம் போக முடியாதபடி இரத்தக் குழாய்களின் சுவரே காவல் நிற்கிறது. இந்தச் சேதிகள்தான் வெளியே இருக்கிற படையாட்களுக்கு உள்ளே வர வழி காட்டுகின்றன. காய்ச்சல் சூட்டை ஏற்றுவதும் அப்படிப்பட்ட சேதிகள்தான். அந்தப் பொருளை ஊசியாக ஏற்ற முடியாதா என்று கேட்டேன். வெளிநாட்டில் அதைக் கொஞ்சம் போலச் செய்து எடுக்கவே பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், உங்கள் மச்சானின் உடம்பு அதைப் படுத்த படுக்கையில் செய்துகொண்டிருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மரியாதை இருந்தது. நோயாளியின் உடம்பை அப்படி மரியாதையோடு பார்த்த டொக்டரை நான் பிறகு கண்டதில்லை.

ஒரு பயத்தையும் சொன்னார். யானை போன பிறகும் கூச்சல் ஓயாவிட்டால், திரண்ட சனமே வயலை மிதித்துவிடும். தலை ஒரு மூடிய பெட்டி, உள்ளே வீங்க இடமில்லை. கூக்குரல் போதாமல் போனாலும் ஆபத்து, ஓயாமல் போனாலும் ஆபத்து. நடுவில் ஓர் அளவு இருக்கிறது, அதைக் காட்டுகிற கருவி எங்களிடம் இல்லை, அவருடைய கண்ணையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துத்தான் போகிறேன் என்றார்.

மச்சான் பிழைத்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கேட்கிறவரைத் தவிக்க வைக்கிற பழக்கம் இல்லை. காய்ச்சல் தணிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்து, ஒரு காலையில் மாமியைப் பார்த்து “உம்மா” என்று சரியான பெயரைச் சொன்னான். முதல் பரணின் வெள்ளாமை திரும்பி வரவில்லை. இடது கை இன்றைக்கும் சொன்னதைப் பாதிதான் கேட்கும். சில சொற்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். அவன் தேடிக்கொண்டிருக்கும்போது எங்கள் குடும்பத்தில் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. அவனாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு எங்களைச் சுற்றிப் பார்ப்பான், யானை விரட்டியவன் போல. சாய்ந்தமருதுப் பேச்சு முறிந்தது. வேறிடத்தில் கலியாணம் நடந்து இப்போது அவனுக்கு மருமக்களும் வந்துவிட்டார்கள். லேடி டொக்டர் சில காலத்தில் மாற்றலாகிப் போனார். நாடு விட்டும் போனதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சியைத் திறந்தால் சைட்டோகைன், சைட்டோகைன் புயல் என்று எல்லோரும் புதுச்சொல்லாகக் கதைத்தார்கள். டொக்டர் சொன்ன அந்தச் சேதிப் பொருள்களுக்குத்தான் இந்தப் பெயர், அதனால் எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் அது புதிதாக இருக்கவில்லை. “ஓயாத கூக்காட்டு” என்றான் மச்சான், ஒரு சொல்லுக்கும் தடுமாறாமல்.

கண்ணாடி போட்டுக்கொண்டு நான் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறவன். அண்மையில் வாசித்த ஒன்று என்னை நெடுநேரம் இருத்தி வைத்தது. தோலிலும் ஈரலிலும் நோய் புகுந்த கலத்தை உடம்பே கொன்றுவிடுமாம், வேறு புதிதாக முளைக்கும். மூளைக் கலம் போனால் போனதுதான், பெரும்பாலும் முளைக்காது. அதனால் அங்கே வருகிற படையாட்கள் முடிந்தவரை வீட்டைக் கொளுத்தாமல் கள்ளனை மட்டும் வெளியேற்றப் பார்க்கிறார்களாம். அதற்கென்று தனியாகச் சேதிகள் இருக்கின்றனவாம். லேடி டொக்டரின் காலத்தில் இதெல்லாம் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் வாசித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அவரும் யாரையும் கொளுத்தவில்லை. மாமியின் பயத்தைப் பார்த்து ‘படிக்காத சனம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் எரிந்திருக்கும். ஓதிப்பார்க்க வெளியூரில் ஒருவரிடம் கொண்டுபோகப் போகிறேன் என்று மாமி சொன்னபோதுகூட, “அவர இஞ்ச கூட்டிட்டு வாங்க உம்மா, நான் கதிரை போட்டுத் தாறன்” என்றார். வந்தார், கதிரையில் உட்கார்ந்து ஓதினார், அந்தக் கதிரையைப் போட்டது டொக்டர்தான்.

அப்படியிருந்தும் அந்த உச்சி வெயிலில் மாமி பாயைச் சுருட்டினார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த யாரோ, தின்னாமல் கிடக்கிற ஆள் எழும்புவதில்லை, கடைசி மூச்சு சொந்த வீட்டில் போகட்டும் என்று அவர் காதில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டொக்டர் வந்து, இந்தக் கதையின் தொடக்கத்தில் நான் எழுதிய அந்த முதல் பரண் வார்த்தைகளைச் சொன்னார். மாமியின் கதையை மாமிக்கே திருப்பிக் கொடுத்தார்.

மாமி மகனின் பக்கம் குனிந்தார். பிறகு சொன்னார்: “எனக்கு அந்தச் சத்தம் கேக்கல்லியே புள்ள.”

டொக்டர் மாமியின் கையைப் பிடித்து மகனின் நெற்றியில் வைத்தார். “இந்தச் சூடுதான் உம்மா அந்தச் சத்தம். ஈரத்துணி போட்டு அளவு மீறாமப் பாக்கிறம். இன்னும் சுடுது எண்டா இன்னும் ஆரோ உள்ளுக்குப் பந்தம் பிடிக்கிறாங்க எண்டு அர்த்தம்.”

மாமி கையை எடுக்கவில்லை. ஆனால் பாயையும் கீழே வைக்கவில்லை. மற்றக் கையால் கட்டிலடியில் இருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காட்டினார். குழாயில் கஞ்சி போகிற மகனுக்காக அவர் நாள் தவறாமல் சோறு ஆக்கிக் கொண்டுவந்து, நாள் தவறாமல் திருப்பிக் கொண்டுபோவார். “நானும் மீன் ஆணம் காய்ச்சிச் சோறு கொண்டு வாறன். இதத் தின்ன ஆள் இல்லியே புள்ள. ஆருக்காக நான் இஞ்ச இரிக்கிற?” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, “மருமகன், தூக்குங்க” என்றார்.

நான் கட்டிலை நோக்கி ஓர் அடி வைத்தேன். எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பெரிய தட்டத்தைச் சுற்றி ஆட்கள் இருந்து சாப்பிடுவதை நாங்கள் சஹன் என்போம். சஹனில் இருந்த ஒருவர் தின்றுகொண்டிருக்கும்போது மற்றவர் எழும்பக்கூடாது. நம் சோற்றைத் தின்கிற ஆளை விட்டுவிட்டு எழும்பிப் போவது அதைவிடப் பெரிய அவமரியாதை. இது டொக்டருக்கு எந்தக் கலியாண வீட்டில் தெரிய வந்ததோ, எனக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்கவில்லை என்று மிஸி ஒருவர் பிறகு சொன்னார். அதனால் அது தந்திரமா, உண்மைப் பசியா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்க்க முடியவில்லை.

அவர் கழுத்தில் கிடந்த, நெஞ்சுச் சத்தம் கேட்கிற குழாயைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். குழாயடிக்குப் போய்க் கைகழுவிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வார்ட்டின் சீமெந்துத் தரையில் சம்மணம் போட்டு இருந்தார். பாத்திரத்தைத் தானே இழுத்துத் திறந்து, அதோடிருந்த தட்டத்தில் சோற்றைப் போட்டு, மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து ஒரு பிடி வாயில் வைத்தார். இரண்டாவது பிடிக்கு மாமியின் கக்கத்திலிருந்த பாய் தரையில் விரிந்தது. மூன்றாவது பிடிக்கு மாமி அதில் அவருக்கு முன்னால் இருந்தார், விசிறியைத் தேடினார்.

டொக்டர் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு முள்ளாகப் பார்த்து எடுத்து, மிக மெதுவாகச் சாப்பிட்டார். தட்டம் காலியானதும் அதை மாமியின் பக்கம் நீட்டினார். “உம்மா, இன்னும் கொஞ்சம் போடுங்க.”